வேளாங்கண்ணி பேக்கேஜ் டூர்: வண்டிக்கு நான்கு ஸ்டார், மைக்கில் சொன்ன புதுமைகளுக்கு (அற்புதங்களுக்கு) ஒன்று

கோயம்புத்தூரிலிருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பி, பூண்டி மாதா, வேளாங்கண்ணி, நாகூர் தர்கா எல்லாம் காட்டிவிட்டு திங்கள் விடிகாலையில் கொண்டுவந்து இறக்கிவிடும் பேக்கேஜ் இது. ஆளுக்கு 3,800 ரூபாய். ஏசி வண்டி, தங்கும் அறை, சாப்பாடு எல்லாம் அதிலேயே அடக்கம். கம்பெனி பெயரை நான் போடப் போவதில்லை. என் சொந்தக்காரர்கள் வேறு வேறு வண்டிகளில் போய்விட்டு வந்தும் இதே அனுபவத்தைத்தான் சொல்கிறார்கள், அதனால் ஒரு ஆளை மட்டும் மாட்டிவிடுவது நியாயமில்லை. எந்த வண்டியில் போனாலும் இதைப் படித்துவிட்டுப் போங்கள், அது போதும்.

என்னைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே எழுதுவது தப்பாகப் புரியும். நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள், ஞாயிறு பூசை தவறாதவள், வேளாங்கண்ணி மாதாவிடம் மண்டியிட்டு அழுதிருக்கிறேன், இனியும் அழுவேன். இன்னொன்று, நான் மருந்தாளுநர், பல வருஷமாக ஒரு மருந்துக்கடையில் கவுண்டரில் நிற்கிறேன். யார் மாதாமாதம் மாத்திரை வாங்குகிறார்கள், யார் திடீரென்று நிறுத்திவிட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்துவிடும்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். வண்டி சுத்தம். சீட்டு நன்றாகச் சாய்கிறது, சார்ஜ் போடும் பாயிண்ட் எல்லாச் சீட்டிலும் வேலை செய்தது, போர்வை துவைத்த வாசனையோடு இருந்தது. டிரைவர் நிதானமாக ஓட்டினார், ராத்திரியில் ஒரு தடவைகூட யாரும் பதறி எழவில்லை. பெண்கள் இறங்கக்கூடிய மாதிரி கழிவறை இருக்கும் இடமாகப் பார்த்து நிறுத்தினார்கள், இதற்கு மட்டுமே தனியாக ஒரு ஸ்டார் கொடுக்கலாம். தஞ்சாவூரில் காலைப் பொங்கல் பிரமாதம், மதியச் சாப்பாடு சுமார். அறை கோவிலிலிருந்து நடக்கிற தூரம்தான், வெந்நீர் வந்தது. முழங்கால் வலியோடு வந்த பெரியவர்களுக்குக் கீழ்த்தள அறை என்று கேட்காமலே ஒதுக்கியிருந்தார்கள்.

கூட வந்த வழிகாட்டியை வண்டியில் எல்லோரும் பிரதர் என்றுதான் கூப்பிட்டோம். ஐம்பது வயது இருக்கும். பாட்டிமார் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, பூசை நேரம் விசாரித்து வருவது, கூட்டத்தில் குழந்தை தவறிவிடாமல் பார்ப்பது என்று ஓயாமல் உழைத்தவர். நல்ல மனுஷர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரச்சினை அவர் கையில் மைக் இருந்த நேரங்களில்தான்.

வேளாங்கண்ணியின் பழைய மூன்று வரலாறுகளையும் அவர் அழகாகச் சொன்னார். பால் கொண்டுபோன சிறுவனிடம் குளத்தங்கரையில் மாதா தன் குழந்தைக்குப் பால் கேட்டது, நடுத்திட்டு என்ற இடத்தில் மோர் விற்ற கால் ஊனமான பையன் எழுந்து நடந்தது, புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் செப்டம்பர் 8ஆம் தேதி கரை சேர்ந்தது. இவை வாய்வழியாக வந்த மரபு, நடந்த அன்றைக்கே யாரும் எழுதிவைத்த பத்திரம் கிடையாது. அந்த மரபைச் சுற்றித்தான் ஒரு சின்னக் கோவில் வளர்ந்தது, 1771இல் தனிப் பங்கானது (தனக்கென்று குருவானவர் உள்ள ஆலய வட்டாரம்), 1962இல் பேராலயம் என்ற தகுதி பெற்றது. என் பாட்டி சொன்ன மாதிரியே பிரதரும் சொன்னார், கேட்க எனக்குப் பிடித்தது. நானூறு வருஷத்துக் கதையைக் கேட்டு யாரும் மாத்திரையை நிறுத்தப் போவதில்லை.

திருச்சி தாண்டியதும் இந்தக் காலத்துப் புதுமைகள் ஆரம்பித்தன. தூத்துக்குடிப் பெண் ஒருத்திக்கு மூளையில் கட்டியாம், ஆபரேஷன் தேதி குறித்துவிட்டார்களாம், மாதா எண்ணெயைத் தலையில் தடவிக்கொண்டு படுத்தாளாம், மறுநாள் ஸ்கேனில் கட்டியே இல்லையாம், டாக்டர் இந்துவாம், அவரே மண்டியிட்டுவிட்டாராம். வண்டி முழுக்க "மரியே வாழ்க" என்று சத்தம். இந்தக் கதையை நான் முன்பே கேட்டிருக்கிறேன். எங்கள் பங்கில் ஒரு செபக்கூட்டத்தில் சொன்னபோது அந்தப் பெண் மங்களூர்க்காரி. அப்புறம் வாட்ஸ்அப்பில் வந்தபோது அவள் பையனாகி, துபாயில் வேலை பார்த்தான். கட்டி, தேதி குறித்த ஆபரேஷன், மண்டியிடும் வேற்று மத டாக்டர், இந்த மூன்று மட்டும் எங்கே போனாலும் மாறுவதில்லை.

டீக்கு நிறுத்தியபோது போய்க் கேட்டேன்.

"பிரதர், அந்தத் தூத்துக்குடிப் பொண்ணு எந்த ஆஸ்பத்திரியில காட்டுச்சு?"

"அது தெரியல சிஸ்டர். சாட்சி சொன்னாங்க, நான் கேட்டேன்."

"நீங்க நேர்ல கேட்டீங்களா?"

"என் ஃபிரண்டு கேட்டாரு. விசுவாசம் இருக்கிறவங்க இப்படித் துருவ மாட்டாங்க சிஸ்டர்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, ஏனென்றால் எங்கள் சபையில் கேள்வி கேட்பவர் வாயை அடைக்க இதைவிட லேசான வழி கிடையாது. கேட்டால் விசுவாசம் இல்லாதவள். கேட்காவிட்டால் அடுத்த வண்டியில் அந்தப் பெண் நாகர்கோவில்காரி.

என் பக்கத்துச் சீட்டில் ஒரு அம்மா, பல்லடம் பக்கம். பல வருஷமாகச் சர்க்கரை, இப்போது காலையும் ராத்திரியும் இன்சுலின். கைப்பையில் ஈரத்துணியில் சுற்றிய எவர்சில்வர் டப்பாவில் பேனாவை வைத்திருந்தார், அவ்வளவு கவனம். பிரதர் அடுத்துச் சொன்ன சாட்சி, அதாவது குணமானதாகச் சொல்லும் அனுபவம், ஒரு சர்க்கரைக்காரர் பற்றியது. அவர் மாத்திரை எல்லாவற்றையும் வேளாங்கண்ணிக் கடலில் வீசிவிட்டுப் போனாராம், இன்றுவரை லட்டு சாப்பிடுகிறாராம். அதைக் கேட்டுவிட்டு அந்த அம்மா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் என்னிடம் மெதுவாக, "நீ மருந்துக்கடையில இருக்கேன்னு சொன்னியேம்மா. ஒரு ரெண்டு நாளு போடாம மாதா மேல பாரத்தப் போட்டுப் பாக்கட்டுமா? ஊசி போட்டுட்டே வேண்டுனா மாதாவ நம்பலைன்னு ஆயிருமோன்னு இருக்கு" என்றார்.

இதை எல்லோரும் நின்று படிக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு விசுவாசத்தில் குறை எதுவும் இல்லை, பிரதரை அப்படியே நம்பினார், அவ்வளவுதான். இன்சுலினையே நம்பியிருக்கிற உடம்பு அதைச் சட்டென்று நிறுத்தினால் சர்க்கரை தாறுமாறாக ஏறும், ரத்தத்தில் அமிலம் சேரும், வாந்தி, மயக்கம் என்று ஒன்றிரண்டு நாளிலேயே ஐசியு வரை போகலாம். நான் அவரிடம் இதைச் சொல்லிவிட்டு, "அம்மா, ஊசியப் போட்டுக்கிட்டே வேண்டுங்க, மாதா கோவிச்சுக்க மாட்டாங்க" என்றேன். சீராக் ஆகமத்தில் மருத்துவரை மதிக்கச் சொல்லி ஒரு அதிகாரமே இருக்கிறது, 38ஆம் அதிகாரம், கத்தோலிக்க பைபிளில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், மருந்தை மண்ணிலிருந்து உண்டாக்கியவரே கடவுள்தான் என்று அதில் வருகிறது. அதையும் சொன்னேன். அந்த அம்மா ஊசி போட்டுக்கொண்டார். நான் அந்தச் சீட்டில் இல்லாமல் இருந்திருந்தால்?

இரண்டாம் நாள் எண்ணெய் விற்பனை. இது கோவில் கடையில் விற்பது அல்ல, பிரதரே அட்டைப்பெட்டியில் கொண்டுவந்தது. 100 மில்லி தேங்காய் எண்ணெய், 150 ரூபாய், மாதா படம். அதுவரை பரவாயில்லை, எங்கள் வீட்டிலும் மந்திரித்த எண்ணெய் உண்டு. பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்க ஸ்டிக்கரில் சின்ன எழுத்தில் சர்க்கரை, புற்றுநோய், வலிப்பு, பக்கவாதம் என்று வரிசையாக அச்சடித்து, "தீரும்" என்று போட்டிருக்கிறது. தயாரித்தவர் முகவரி இல்லை, தேதி இல்லை. இது பக்தி சமாச்சாரம் மட்டும் அல்ல, சட்டச் சமாச்சாரமும். மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் என்று 1954இலேயே வந்திருக்கிறது. அதன் அட்டவணையில் இருக்கும் நோய்களை இந்த மருந்து குணமாக்கும், இந்தத் தாயத்து குணமாக்கும், இந்த மந்திரம் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யக்கூடாது. மேலே சொன்ன நான்கு நோயும் அந்த அட்டவணையில் இருக்கின்றன. லேபிளும் விளம்பரம்தான். வண்டியில் பாதிப்பேர் வாங்கினார்கள்.

ராத்திரி டிவியில் ஒரு வீடியோ போட்டார்கள். மும்பை இர்லாவில் இருக்கும் வேளாங்கண்ணி மாதா கோவிலில் சிலுவையில் இருக்கும் இயேசுவின் பாதத்திலிருந்து நீர் சொட்டுவது. கூட்டம் கூட்டமாக மக்கள் அதைப் பாத்திரத்தில் பிடிக்கிறார்கள், குடிக்கிறார்கள். 2012இல் நிஜமாக நடந்ததுதான். ஆனால் வீடியோ அத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் என்ன நடந்தது என்றால், பகுத்தறிவாளர் சனல் இடமருகு நேரில் போய்ப் பார்த்தார். பக்கத்துக் கழிவுநீர் வழி அடைத்துக்கொண்டு, நீர் சுவருக்குள்ளும் சிலுவையின் மரத்துக்குள்ளும் நுண்துளைகள் வழியாக ஏறிச் சொட்டுகிறது என்று காட்டினார். விளக்கின் திரியில் எண்ணெய் ஏறுவது எப்படியோ அப்படித்தான். குடித்தவர்களுக்கு வயிற்றுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்ததே பெரிய காரியம். நாம் அவருக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். நம் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, மத உணர்வைப் புண்படுத்தினார் என்று இந்திய தண்டனைச் சட்டம் 295ஏ பிரிவில் புகார் கொடுத்தார்கள், அவர் நாட்டை விட்டுப் பின்லாந்துக்குப் போனார். ஒரு கத்தோலிக்கப் பெண்ணாக எனக்கு இதில் வெட்கம் இருக்கிறது. என் மக்களைச் சாக்கடை நீர் குடிக்காமல் தடுத்த மனிதர் அவர்.

"சர்ச்சே புதுமையை நம்புதே, உனக்கு என்ன?" என்று வண்டியில் ஒருவர் கேட்டார். சரி, சர்ச் எப்படி நம்புகிறது என்று பார்ப்போம். பிரான்சில் லூர்து இருக்கிறது, 1858இல் மாதா காட்சி கொடுத்ததாகச் சொல்லும் இடம். அங்கே 1883 முதல் மருத்துவ அலுவலகம் ஒன்று வேலை செய்கிறது. குணமானேன் என்று வருபவரின் பழைய ரிப்போர்ட், புது ரிப்போர்ட் எல்லாவற்றையும் டாக்டர்கள் பார்க்கிறார்கள். கிறிஸ்தவர் அல்லாத டாக்டரும் உட்கார்ந்து பார்க்கலாம். நோய் கடுமையானதா, மருந்தால் தீர்ந்திருக்க வாய்ப்பு உண்டா, சட்டென்று தீர்ந்ததா, முழுசாகத் தீர்ந்ததா, திரும்ப வராமல் இருக்கிறதா என்று வருஷக்கணக்கில் பார்ப்பார்கள். இத்தனை காலத்தில் 7,000க்கு மேற்பட்டவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 2018இல் ஆயர் (பிஷப்) ஒருவர் அறிவித்த புதுமை எத்தனையாவது தெரியுமா? 70. அதற்குப் பிறகு ஓரிரண்டு சேர்ந்திருக்கின்றன, அவ்வளவே. அந்த 70ஆவது ஒரு கன்னியாஸ்திரீ, 2008இல் லூர்துக்குப் போய்விட்டு வந்து உதவியில்லாமல் நடக்க ஆரம்பித்தவர். அறிவிக்கப் பத்து வருஷம் ஆயிற்று. நம் நட்டாலத்துத் தேவசகாயம் பிள்ளைக்கு 2022இல் புனிதர் பட்டம் கொடுத்தார்களே, அதற்கான புதுமை 2013இல் நடந்ததாகச் சொல்லப்பட்டது, ரோமில் அதை ஏற்றது 2020இல். ரோமே ஏழு வருஷம் எடுத்துக்கொள்கிற வேலையை நம் பிரதர் திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில் முடித்துவிடுகிறார்.

இன்னும் பின்னால் போனால் இயேசுவே தொழுநோயாளிகளைக் குணமாக்கிவிட்டு, போய்க் குருக்களிடம் உங்களைக் காட்டுங்கள் என்கிறார். அந்தக் காலத்தில் தோலைப் பார்த்து, இது போய்விட்டது, இவன் ஊருக்குள் வரலாம் என்று சொல்லும் அதிகாரம் குருக்களிடம்தான் இருந்தது. அதாவது, குணமானது உண்மை என்றால் சரிபார்க்கிறவரிடம் போ. இயேசு உயிர்த்தெழுந்தார் என்று கேட்ட சீடர் தோமையார், தொட்டுப் பார்த்துத்தான் நம்புவேன் என்றபோதும் அவரை யாரும் வெளியே தள்ளவில்லை, காயத்தைக் காட்டினார் இயேசு. மயிலாப்பூரில் அந்தத் தோமையாருக்குப் பேராலயமே வைத்திருக்கிறோம்.

வேளாங்கண்ணியில் காணிக்கைப் பொருட்கள் வைத்திருக்கும் காட்சிக்கூடத்துக்கும் கூட்டிப்போனார்கள். கட்டாயம் பாருங்கள். வெள்ளியில் கண், கால், இதயம், குட்டித் தொட்டில்கள், படித்துப் பட்டம் வாங்கியவர்களின் சான்றிதழ் நகல், வீடு கட்டியவர்கள் கொடுத்த வீட்டுப் பொம்மை, கை எழுத்து நடுங்கும் கடிதங்கள். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு குடும்பத்தின் கண்ணீர் இருக்கிறது, எனக்கு அங்கே தொண்டை அடைத்தது. அதே சமயம் ஒன்று தோன்றிக்கொண்டே இருந்தது. தொட்டில் கட்டிக் குழந்தை பிறந்தவர்கள் வெள்ளித் தொட்டிலோடு திரும்பி வருகிறார்கள். கட்டியும் பிறக்காதவர்கள் எதைக் கொண்டுவருவார்கள்? அவர்களுக்கு அங்கே அலமாரி கிடையாது, மைக்கும் கிடையாது. பிறந்தவர்களிலும் எத்தனை பேர் அதே வருஷம் டாக்டரிடமும் போய்க்கொண்டிருந்தார்கள் என்று எந்தச் சாட்சியிலும் வருவதில்லை. தானாகவே விழுந்துவிடும் சிறுநீரகக் கல், ஓய்வில் அடங்கிவிடும் இடுப்பு வலி, ஆள் மாறிப்போன ஸ்கேன் ரிப்போர்ட், இதெல்லாம் நான் கவுண்டரில் தினமும் பார்ப்பவை. மாதா எதையும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. எது மாதா செய்தது என்று சொல்லும் தகுதி அந்த மைக்குக்கு இல்லை என்கிறேன்.

கடைசியாக, சுனாமி. இதை எழுதாமல் இருக்க முடியாது. கடற்கரைக்கு இறங்கும் முன் பிரதர், 2004 டிசம்பர் 26 அன்று கடல் கோவில் வாசல்வரை வந்து மாதாவைப் பார்த்துத் திரும்பிப் போய்விட்டது என்றார். பின்னால் இருக்கிற பஸ் ஸ்டாண்டுக்குள் தண்ணீர் போனது, அதே மட்டத்தில் இருக்கிற கோவிலுக்குள் போகவில்லை, பூசையில் இருந்த எல்லோரும் பிழைத்தார்கள் என்றார். பேராலயத்துக்குள் இருந்தவர்கள் பிழைத்தது உண்மை. தரை எவ்வளவு மேடு, வழியிலிருந்த கட்டடங்கள் அலையை எப்படித் திருப்பின என்பதெல்லாம் அளந்து சொல்ல வேண்டியவை, கதையால் அளக்க முடியாது. ஆனால் என் சங்கடம் அதுகூட இல்லை. அன்று கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, ஊர் நிறைய யாத்ரீகர்கள். கடற்கரையிலும் கடைத்தெருவிலும் நின்றவர்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல்.

பின் சீட்டிலிருந்து ஒரு தாத்தா எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தார். மைக்கை வாங்கவில்லை, சும்மா நின்றுகொண்டே சொன்னார். "தம்பி, என் மச்சான் குடும்பம் அன்னைக்கு இங்கதான் இருந்தாங்க. காலைப் பூசை பாத்துட்டு, பேத்திக்கு அலை காட்டுறோம்னு கடற்கரைக்குப் போனாங்க. அவங்களும் மாதாகிட்ட வந்தவங்கதான தம்பி?" பிரதருக்குப் பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து செபமாலையை ஆரம்பித்தார், தாத்தாவும் அங்கேயே நின்று பதில் செபம் சொன்னார். அந்த ஊரில் சுனாமியில் இறந்தவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது, வருஷாவருஷம் அஞ்சலி செலுத்துகிறார்கள். எங்கள் பேக்கேஜில் அது இல்லை. தாத்தாவும் நானும் இன்னும் சிலரும் ஆட்டோ பிடித்துப் போனோம். அந்த இடத்தைப் பேக்கேஜில் சேர்க்காமல், கடல் திரும்பிப் போன கதையை மட்டும் மைக்கில் சொல்வது செத்தவர்களுக்குச் செய்கிற அநியாயம். பிழைத்தவர்களை மாதா பார்த்துக்கொண்டார் என்றால் அந்தப் பேத்தியை யார் கைவிட்டது என்ற கேள்வி வருகிறது, அதை அந்தத் தாத்தா இத்தனை வருஷமாகத் தனியாகச் சுமக்கிறார்.

திரும்பி வந்தபிறகு கம்பெனி மேலாளருக்குப் போன் போட்டேன். பொறுமையாகவே கேட்டார், அதைச் சொல்லியாக வேண்டும். எண்ணெய் விற்பனையை நிறுத்துங்கள், மாத்திரையை எறிந்த மாதிரிக் கதைகளை வண்டியில் சொல்லக்கூடாது என்று எழுத்தில் கொடுங்கள், நினைவிடத்தைச் சேருங்கள் என்று கேட்டேன். நினைவிடத்துக்கு உடனே சரி என்றார். அந்த ஸ்டிக்கரின் போட்டோவை அனுப்பச் சொன்னார், பார்த்துவிட்டு எண்ணெயும் இனி வண்டியில் வராது என்றார். கதைகளுக்கு மட்டும், "பாசஞ்சர்ஸ் அதைத்தான் மேடம் எதிர்பார்க்கிறாங்க, பிரதர்கிட்ட பேசிப் பாக்கறேன்" என்று நிறுத்திக்கொண்டார். அவர் பேசி முடிக்கும்வரை இந்த ஒரு ஸ்டார் அப்படியே இருக்கும். அதுவரை இந்த வண்டியில் வயசானவர்களைத் தனியாக அனுப்புபவர்கள், மருந்துப் பட்டியலை எழுதி அவர்கள் பையிலும் டிரைவரிடமும் ஒவ்வொன்று கொடுத்தனுப்புங்கள், வேளைக்குப் போன் போட்டு ஊசி போட்டார்களா என்று கேளுங்கள்.